காப்புக் கட்டிய ஊர்

குடியிருக்க ஒரு சின்ன ஊர் தேடி நாங்கள் கிளம்பிய அந்தப் பங்குனி மாதத்தில் நான் கார் ஓட்டினேன், இவர் பக்கத்தில் உட்கார்ந்து பயந்தார். கல்யாணமானதிலிருந்து இவர் ஓட்டி நான் பயந்தது போதும் என்று ஐம்பது வயதுக்கு மேல் ஓட்டக் கற்றுக்கொண்டவள் நான் என்பதால், இந்த ஏற்பாட்டில் எனக்கு மனத்தாங்கல் எதுவும் இல்லை. இவர் பால் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சென்னையில் மகள் வீட்டின் ஒன்பதாவது மாடியிலிருந்து தினமும் கீழே எட்டிப் பார்த்து, "இதெல்லாம் ஒரு ஊரா வனஜா" என்று சொல்லிச் சொல்லியே என் காதைப் புண்ணாக்கியதால், சரி, எதுதான் ஊர் என்று நீங்களே காட்டுங்கள் என்று சாவியைக் கையில் எடுத்துவிட்டேன்.

உளுந்தூர்பேட்டை தாண்டியதும் நான்குவழிச் சாலையை விட்டு இறங்கி, பெரம்பலூர்ப் பக்கத்து உள்சாலைகளில் நுழைந்தோம். ஓர் ஊரில் மக்காச்சோளத்தை ரோட்டிலேயே காயப்போட்டிருந்தார்கள். பாதி ரோடு வண்டிக்கு, பாதி ரோடு சோளத்துக்கு என்று யாரும் கோடு கிழிக்காமலே பிரிந்திருக்க, கோழிகள் சோளத்தின் பக்கமாகவே ஒழுங்காக நடந்தன. இன்னோர் ஊரில் கல்யாண மண்டபம் ஊரைவிடப் பெரிதாக இருந்தது, ஊரே திரண்டு வந்து உட்கார்ந்தாலும் பாதி நாற்காலி மிஞ்சும். வேறோர் ஊரில் பூச்சிமருந்துக் கடை வாசலில் நீண்ட வரிசை நின்றது, ஒவ்வொருவர் கையிலும் பிளாஸ்டிக் பையில் நோய்ப்பட்ட ஓர் இலை, எல்லோர் முகத்திலும் காய்ச்சல்காரப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரியில் நிற்பவர்களின் முகம். எல்லா ஊரிலும் இவர் காரின் கண்ணாடியை இறக்கி, கண்ணில் பட்ட முதல் ஆளிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்: "இங்க பேப்பர் எத்தனை மணிக்கு வரும்?" ஏழு மணி என்றால் கண்ணாடி ஏறிவிடும். ஆறுக்கு முன்னால் என்றால் கொஞ்சம் யோசித்துவிட்டு, தண்ணீர் உப்பு, கொசு அதிகம், டீ சரியில்லை என்று ஏதாவது சொல்லிக் கண்ணாடியை ஏற்றுவார். ஒன்பதாவது மாடி பிடிக்காதவருக்குத் தரையும் பிடிக்கவில்லை என்று எனக்கு இரண்டு ஊரிலேயே தெரிந்துவிட்டது. ஆனாலும் ஓட்டுவதில் எனக்கு ஒரு ருசி வந்திருந்ததால் வாயைத் திறக்கவில்லை.

சாத்தனேரிக்கு ஏரிப் பக்கமாக வந்தோம். பலகை அம்புக்குறி போட்டுக் காட்டிய இடத்தில் ஊர் இல்லை, மரங்கள் இருந்தன. வேம்பும் பூவரசும் புங்கையும் இரண்டு பக்கமும் தெருவைப் போல வரிசையாக நின்றன, நடுவில் வெறும் மண். முச்சந்தி இருக்க வேண்டிய இடத்தில் ஓர் அரசமரம். வீடே இல்லாத இடத்தில் ஒரு முருங்கை, அதன் கிளையில் ஒரு துணிக்கயிறு கட்டியிருக்க, அதன் மறுமுனை மண்ணில் கிடந்தது. மரங்களைத் தாண்டி வெயில் கொளுத்தும் வெட்டவெளியில், ஒரு பொட்டு நிழல்கூட இல்லாமல் ஊர் இருந்தது: தெருக்கள், பள்ளிக்கூடம், மாரியம்மன் கோயில், பஸ் ஸ்டாண்டு, அதன் நடுவில் ஓர் அடிபம்பு, அடிபம்புக்கு எதிரில் நல்லமுத்து டிபன் கடை.

"ஊரு மொதல்ல மரத்துக்கிட்டதாங்க இருந்துச்சு," என்றார் நல்லமுத்து, எங்களுக்கு இலை போட்டுக்கொண்டே. "இப்பப் போய்க்கிட்டு இருக்குது."

"எங்க போகுது?" என்றார் இவர்.

"பைபாஸுக்கு," என்று சொல்லிவிட்டு, சட்னி ஊற்றினார்.

பைபாஸ் வந்து பஸ்கள் ஊருக்குள் நுழைவதை நிறுத்திய பிறகு, ஊர் கொஞ்ச காலம் காத்திருந்ததாம். எந்தப் பஸ்ஸும் திரும்பி வரவில்லை என்றதும் தானே கிளம்பிவிட்டதாம். கடிகாரத்தில் சின்ன முள் நகர்வதை யாரும் பார்த்ததில்லை, மணி மட்டும் ஆகிவிடுகிறது அல்லவா, அது மாதிரிதான். படுக்கும்போது ஓரிடம், எழுந்திருக்கும்போது ஒரு சாண் தள்ளி. முதலில் கண்டுபிடித்தவன் மினிபஸ் ஓட்டும் அய்யாக்கண்ணு. ஊருக்கும் பைபாஸுக்கும் நடுவில் போய்வருகிற அவனுக்கு டீசல் மிச்சமாகிக்கொண்டே வர, வண்டியில் ஏதோ கோளாறு என்று பயந்துபோய் மெக்கானிக்கிடம் காட்டி, வண்டியில் கோளாறு இல்லை என்று தெரிந்த பிறகுதான் தூரத்தைச் சந்தேகப்பட்டான். மாரியம்மன் கோயில் பூசாரியும் அவன்தான் என்பதால் அவன் சொன்னதை ஊர் நம்பியது.

அதிசயப்பட யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை, வேலை அவ்வளவு இருந்தது. லைன்மேன் மின்கம்பியை அடிக்கடி நீட்டிக் கட்ட வேண்டியிருந்தது, பிறகு அவரே சலித்துப்போய் ஒரு பெரிய சுருளைக் கடைசிக் கம்பத்தில் மாட்டி, போகப் போக இழுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். மரங்கள் எதுவும் கூட வரவில்லை, அவற்றுக்குப் பஸ் ஏற வேண்டிய அவசியம் இல்லை. அதனால் மத்தியானத் தூக்கத்துக்கு ஆட்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு பழைய தெருவுக்குப் போய், தங்கள் வீடு இருந்த இடத்தில் தங்கள் மரத்தடியிலேயே படுத்துவிட்டு வந்தார்கள், அடுத்த வீட்டு மரத்தடியில் யாரும் படுத்ததில்லை. சுடுகாடும் வரவில்லை. சாவு ஊர்வலம் நீண்டுகொண்டே போக, வழியில் ஓரிடத்தில் பாடையை இறக்கி வைத்துவிட்டு டீ குடிக்கிற வழக்கம் வந்தது. செத்தவரைப் பற்றிப் பேச முன்னைவிட நேரம் கிடைக்கிறது, அதுவும் நல்லதுதான் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். அம்மன் மட்டும் அவசரப்படவில்லை. கோயில் ஒரு மழைக்காலம் முழுக்க மரங்களுக்கு நடுவில் தனியாக நின்றுவிட்டு, பிறகு ஒரே வாரத்தில் ஊரை எட்டிப் பிடித்துவிட்டது.

"பூமிக்குள்ள இருக்கற தண்ணி எப்படி அடிபம்புகூடவே வரும்?" என்று இவர் விடாமல் கேட்டார்.

"அடிச்சா வருதுங்க," என்றார் நல்லமுத்து.

இதுவரை ஊர் வந்த வழியெல்லாம் தரிசும் புறம்போக்குமாக இருந்ததால் யாருக்கும் சேதமில்லை. இப்போது ஊருக்கும் பைபாஸுக்கும் நடுவில் ஒரே ஒரு வயல்தான் மிச்சம். அது நல்லமுத்துவின் மனைவி தனக்கோடிக்கு அவள் பிறந்த வீடு கொடுத்த நிலம். அதில் சின்ன வெங்காயம் போட்டிருந்தாள்.

அவள் அந்த நேரத்தில்தான் வயலிலிருந்து வந்தாள், நாற்பதைத் தாண்டிய, வெயிலில் வற்றிய உடம்பு, முழங்கால் வரை செம்மண். ஊர் நகர ஆரம்பித்த காலத்தில் அவளைப்போலச் சந்தோஷப்பட்டவர்கள் இல்லையாம். முன்பு விடிவதற்குள் எழுந்து நெடுந்தூரம் நடந்தால்தான் வயல். பிறகு வயல் அவளை நோக்கித் தினமும் ஒரு சாண் வந்தது, மத்தியானச் சோற்றுக்கு வீட்டுக்கு வந்துபோக முடிந்தது, ஒருநாள் அடுப்பில் உலையை வைத்துவிட்டுப் போய் மடைமாற்றிவிட்டுத் திரும்பினாள். ஒருநாள் வாசலைக் கூட்டும்போது துடைப்பம் வரப்பில் இடித்தது. ஊர் அடுத்து ஏறப்போவது தன் வயல் மேல் என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

"இன்னிக்கு சாயங்காலம் காப்புக் கட்டுறாங்க," என்று என்னிடம் சொன்னாள், ஏதோ பல நாள் பழகியவள் மாதிரி. "வந்து பாருங்க அக்கா. நான் ஒண்ணு கேக்கப் போறேன்."

காப்புக் கட்டுவது என்றால் எங்கள் பக்கத்திலும் தெரியும். மாரியம்மன் திருவிழாவுக்கு முன்னால் மஞ்சள் கிழங்கு கோத்த கயிற்றை அம்மன் கையிலும் பூசாரி கையிலும் கட்டிவிட்டால், அதை அவிழ்க்கும் வரை ஊர் கட்டுப்பாட்டில் இருக்கும். யாரும் எல்லை தாண்டி ராத்தங்கக் கூடாது, பகலில் எங்கே போனாலும் படுக்க ஊருக்கு வந்துவிட வேண்டும். கட்டும்போது ஊருக்குள் இருந்த வெளியாளுக்கும் அதே விதிதான். வீட்டில் எண்ணெய் காயவைத்துத் தாளிக்கவும் கூடாது. சாயங்காலம் கோயில் வாசலில் கூட்டம் கூடியது. அய்யாக்கண்ணு டிரைவர் சட்டையைக் கழற்றிவிட்டு மஞ்சள் வேட்டியோடு வந்தான். அம்மன் கையில் கட்டினான், தன் கையில் கட்டிக்கொண்டான். அப்போது தனக்கோடி முன்னால் வந்தாள்.

"காப்புக் கட்டுனா யாரும் எல்லை தாண்டக் கூடாதுதான? அப்ப ஊருக்கும் ஒரு காப்புக் கட்டிருங்க. அதுவும் தாண்டாது. என் வெங்காயத்த எடுத்துக்கறேன்."

யாரும் சிரிக்கவில்லை. நியாயமான கேள்வியாகத்தான் எல்லோருக்கும் பட்டது. நல்லமுத்து கூட்டத்தின் பின்னால் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கட்டலாம்க்கா," என்றான் அய்யாக்கண்ணு. "எதுல கட்டுறது? ஊருக்குக் கை எது?"

அதற்குப் பிறகு நடந்த வாக்குவாதத்தைப் போல ஒன்றை நான் சென்னையில் எந்தக் குடியிருப்போர் கூட்டத்திலும் கேட்டதில்லை. நுழைவு வளைவில் கட்டலாம் என்றார் ஒருவர். அது கட்டிக்கொடுத்தவர் குடும்பத்தின் பெயரில் இருக்கிறது, அவர்களுக்குத்தான் காப்புக் கட்டினதாக ஆகும் என்றார்கள். பள்ளிக்கூடக் கதவு என்றார் இன்னொருவர். படிக்காதவர்கள் நாங்கள் ஊரில் இல்லையா என்று ஒரு குரல் வந்தது. கோயில் கொடிமரம் என்றதும் கீழத்தெருக்காரர்கள் பேசாமல் நின்றார்கள், அந்தப் பேசாமை எல்லோருக்கும் புரிந்தது. கடைசியில் தனக்கோடியே, "அடிபம்பு" என்றாள். மேலத்தெருவும் கீழத்தெருவும் கோடைக்குக் கோடை வேறு வழியில்லாமல் பிடித்து அடித்த கைப்பிடி அது ஒன்றுதான். யாருக்கும் மறுப்பு இல்லை.

கேட்டவளே கட்டட்டும், கட்டிய கைதான் அவிழ்க்க வேண்டும், திருவிழா முடிகிற மஞ்சள் நீராட்டு அன்றைக்கு வெங்காயம் எடுத்திருந்தாலும் சரி, எடுக்காவிட்டாலும் சரி, அவிழ்த்துவிட வேண்டும் என்று பேச்சானது. தனக்கோடி சம்மதித்தாள். அடிபம்பின் கைப்பிடியில் மஞ்சள் கயிற்றைச் சுற்றி அவள் முடிச்சுப் போட்டபோது, இவர் என் காதில், "நாமளும் இப்ப ஊருக்குள்ளதான இருக்கோம்" என்றார். இருக்கிறோம் என்றேன். கடவுள் விஷயத்திலும் பயந்த சுபாவம் இவருக்கு. டிபன் கடை மாடியில் ஓர் அறை எடுத்துக்கொண்டு தங்கிவிட்டோம்.

அன்றிலிருந்து ஊர் நின்றது. நின்றது என்று சொல்வது எளிது. அது நின்ற விதத்தைப் பார்த்தவளுக்குத்தான் தெரியும். வீட்டுக் கதவுகள் எல்லாம் பைபாஸ் பக்கமாகத் தானே திறந்துகொண்டன, சாத்தினால் சாத்திய வேகத்தில் திறந்தன. குடத்தில் தண்ணீர் ஒருபக்கம் ஏறி நின்றது. பிள்ளைகள் கோலிக்குண்டை எங்கே வைத்தாலும் கிழக்கே உருண்டு வரப்போரம் போய்ச் சேர்ந்தது, சாயங்காலம் எல்லோரும் அங்கேயே போய்ப் பொறுக்கிக்கொண்டார்கள். அடிபம்பில் கட்டிய கயிறு தொட்டால் விண்ணென்று இருந்தது. நல்லமுத்து ஊற்றிய இட்லி ஒருபக்கம் தடித்து ஒருபக்கம் மெலிந்து வெந்தது. தாளிக்காத சாம்பாரோடு அந்தக் கோணல் இட்லியை இவர் முகம் சுளித்தபடி ஒருநாளும் விடாமல் தின்றார்.

ஒருநாள் நல்லமுத்து ஒரு அண்டா மாவைத் தெருவோரம் கொட்டிக்கொண்டிருந்தார்.

"பஸ்ஸு வந்துக்கிட்டு இருந்தப்ப இந்த அண்டா பத்தாதுங்கம்மா. கண்டக்டரு விசில் அடிச்சுக்கிட்டே இருப்பாரு, நான் பொட்டலம் கட்டிக்கிட்டே இருப்பேன். அவ வெங்காயத்துக்கு நான் எதிரி இல்ல. ஆனா தெனமும் புளிச்சுப் போற இந்த மாவுக்கு யாரு பதில் சொல்றது?"

"அவங்ககிட்ட சொன்னீங்களா?"

"அவளுக்குத் தெரியாததா? மாவு ஆட்டுறதே அவதான்."

தனக்கோடியோடு நான் வயலுக்குப் போனேன். வெங்காயத் தாள் இன்னும் பச்சையாக நிமிர்ந்து நின்றது. அது பழுத்துச் சாய்ந்தால்தான் எடுக்க முடியும். ஒரு வரப்பில் உட்கார்ந்தால் முன்னால் பைபாஸில் லாரிகள், பின்னால் மூச்சுப்பிடித்து நிற்கிற ஊர். ஊர் வந்து உட்கார்ந்தால் நிலத்துக்கு நல்ல விலை வருமே என்று நான் பட்டணத்துக்காரியாகக் கேட்டுவைத்தேன்.

"வருமாம். எல்லாரும் அதத்தான் சொல்றாங்க." அவள் ஒரு களையைப் பிடுங்கி எறிந்தாள். "ஊருக்குள்ள நான் நல்லமுத்து சம்சாரம் அக்கா. டிபன் கடைக்காரம்மா. இந்த வரப்புல ஏறுனாத்தான் நான் தனக்கோடி. இது மேல பஸ்ஸு வந்து நின்னுச்சுன்னா, அப்புறம் என்னய எங்க போய்த் தேடறது?"

ஒன்பதாவது மாடியில் நான் யார் என்று யோசித்துப் பார்த்தேன், தாமோதரன் சார் வீட்டம்மா என்றுதான் வாட்ச்மேனுக்குத் தெரியும். அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது, சொல்லவில்லை.

தாள் சாய்ந்தது திருவிழாவின் கடைசி நாட்களில். தேர் சுற்றி முடிந்து மறுநாள் மஞ்சள் நீராட்டு என்றபோது, மேற்கே மேகம் கறுத்து ஏறியது. எடுக்கிற பக்குவத்தில் மழை பிடித்தால் வெங்காயம் அழுகிப்போகும். யாரும் கூப்பிடாமலே ஊர் வயலில் இறங்கியது. பைபாஸ் போக வேண்டும் என்று துடித்தவர்கள்தான் எல்லோருக்கும் முன்னால் வந்தார்கள், வெங்காயம் கிடந்து அழுகினால் அந்தப் பாவத்தின் மேல் கடை வைக்க அவர்களுக்கு மனமில்லை. ஆண்கள் பிடுங்க, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து தாளை அறுக்க, அய்யாக்கண்ணு மினிபஸ்ஸில் இருக்கைகளின் மேலெல்லாம் குவித்துக் கொண்டுபோய்க் கொட்டினான். இவர் தாள் அறுக்கிறேன் என்று உட்கார்ந்து கட்டைவிரலை அறுத்துக்கொண்டார். நான் பிடுங்கினேன், இடுப்பு விட்டுப்போயிற்று, அத்தனை வருஷத்தில் அப்படி ஒரு நாள் எனக்கு வாய்த்ததில்லை.

மழை வரவில்லை, மேகம் சும்மா பார்த்துவிட்டுப் போய்விட்டது. மறுநாள் மஞ்சள் தண்ணீர் ஊற்றி முடிந்ததும், எல்லோரும் பார்க்க, தனக்கோடி அடிபம்பின் கைப்பிடியில் இருந்த முடிச்சைத் தன் கையாலேயே அவிழ்த்தாள். கயிறு அவள் கையில் துவண்டு விழுந்தது. பிறகு வீட்டுக்குள் போய் ஒரு பாயையும் போர்வையையும் எடுத்துக்கொண்டு வந்தாள்.

"சொன்னபடி அவுத்துட்டேன். ஊரு போவட்டும், நான் மறிக்கல. நான் என் வயல்ல படுத்துக்கறேன்."

ஊர் நகர்ந்து இதுவரை யாருக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை; ஆனால் ஊருக்கு முன்னால் இதுவரை யாரும் படுத்ததும் இல்லை. பைபாஸ் பக்கம் அத்தனை நாள் முட்டிக்கொண்டு நின்ற ஊர், ஒரே ராத்திரியில் எவ்வளவு பாயும் என்று யாருக்குத் தெரியும்? அய்யாக்கண்ணு, இன்னொரு காப்பு கட்டலாம் அக்கா என்றான். திருவிழா முடிஞ்சபிறகு கட்டுனா அது வெறும் கயிறுப்பா என்றாள்.

நல்லமுத்து மட்டும் அவள் பின்னால் போய் வரப்போரம் நின்றார்.

"ஏ புள்ள, வெளையாடாத. எந்திரிச்சு வா."

"நீங்க கடைல படுங்க. கடையோட போய்ச் சேருங்க. விடிஞ்சா மொத பஸ்ஸு உங்க வாசல்ல நிக்கும். அதுதான வேணும்?"

அவர் கடைக்குத் திரும்பி வந்து, நாளைய மாவை மூடி வைத்தார், அடுப்பை அணைத்தார், எங்களிடம் சாவியைக் கொடுத்தார், ஒரு பாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முணுமுணுத்தபடி வயலுக்குப் போனார். அவர் முணுமுணுத்தது கெட்ட வார்த்தைதான், ஆனால் அதில் கோபம் இல்லை. ஊரே விழித்திருந்து காவல் காப்பது என்று முடிவு செய்து தெருவில் உட்கார்ந்தது. நாங்கள் மாடி ஜன்னலோரம் உட்கார்ந்தோம். முந்தின நாள் முழுக்க வெங்காயம் பிடுங்கிய உடம்பு, உட்கார்ந்தபடியே எல்லோரும் தூங்கிப்போனோம்.

விடிந்தபோது பஸ் ஹாரன் கேட்டது. மாடி ஜன்னலுக்கு நேர் கீழே பைபாஸ். பஸ் ஸ்டாண்டும் அடிபம்பும் டிபன் கடையும் சாலையை ஒட்டி நின்றன. நடைபாதையில் தூங்குகிறவரை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போவோமே, அப்படி மேலத்தெரு ஒருபக்கமும் கீழத்தெரு மறுபக்கமுமாக வளைந்து, வயலைச் சுற்றிக்கொண்டு போய் மறுபடி சேர்ந்திருந்தன. நடுவில் ஒரு பாத்திகூடக் கலையாமல் வயல். நடுவயலில் இரண்டு பாய். முதல் பஸ்ஸின் கண்டக்டர், கடையில் ஆள் இல்லையா என்று விசிலடித்துக்கொண்டிருந்தார். நல்லமுத்து வேட்டியை மடித்துக் கட்டியபடி பாத்திகளைத் தாண்டித் தாண்டி ஓடிவந்ததை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வருகிறது.

காப்பு அவிழ்ந்துவிட்டதால் நாங்கள் கிளம்பினோம். இன்னும் பல ஊர் பார்த்தோம். பருத்தி மூட்டைக்கு மேல் ஆட்கள் தூங்குகிற ஊர், எல்லாப் பெண்களும் ஸ்கூட்டர் ஓட்டுகிற ஊர், மயில்களைத் திட்டுவதற்கென்றே தனி வார்த்தைகள் வைத்திருந்த ஊர். எல்லா இடத்திலும் இவர் பேப்பர் மணியைக் கேட்டுக் கண்ணாடியை ஏற்றினார். சாத்தனேரியில் மட்டும் இவர் அதைக் கேட்கவே இல்லை என்பது ஒன்பதாவது மாடிக்குத் திரும்பிய பிறகுதான் எனக்கு உறைத்தது.

மறு பங்குனியில், "வெங்காயம் வாங்கிட்டு வரலாமா" என்று இவராகவே கேட்டார். சென்னையில் வெங்காயம் கிடைக்காதது மாதிரி.

சாத்தனேரி செழித்திருந்தது. டிபன் கடைக்கு முன்னால் எந்நேரமும் ஒரு பஸ், மாவு புளிக்க நேரமில்லை. ஊரின் நடுவில் வெங்காயம் பச்சைப்பசேலென்று நின்றது. புதிதாகக் குடிவந்தவர்கள், எந்த மடையன் தெருவை இப்படி வளைத்துப் போட்டான் என்று லாரி டிரைவர்களோடு சேர்ந்து திட்டினார்கள். பழைய ஆட்கள் பதில் சொல்லாமல் வளைந்து போனார்கள். தனக்கோடி என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"ஊரு இன்னும் சாஞ்சுக்கிட்டுத்தான் இருக்குது அக்கா," என்றாள். "மொதல் மழையன்னிக்கு வயலுக்குப் போகாம ரெண்டு பேரும் வீட்டுலயே படுத்துட்டோம். காலைல பாத்தா சுவரு ரெண்டு பாத்தி உள்ள வந்து நிக்குது. அன்னிலேருந்து ஒருநாள் அவரு, ஒருநாள் நானு, வயல்ல படுக்குறோம். ஒரு வருசமா ரெண்டு பேரும் ஒரே கூரைக்கு அடியில படுக்கல."

"வேற யாரையாவது படுக்கச் சொல்லக் கூடாதா?"

"யாரக் கேக்குறது? எனக்காக அவங்க ஊரே வளைஞ்சு நிக்குது. இதுக்கு மேலயும் கேக்க எனக்கு வாய் வரல."

அவள் அதைக் குழாயில் தண்ணீர் வராததைச் சொல்வதுபோலச் சொன்னாள். நல்லமுத்து கல்லாவில் பாதிக் கண் மூடியபடி உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு அவர் முறை. பொழுது சாய்ந்ததும் பாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்தார்.

"பாயை இப்படிக் குடுங்க," என்றார் இவர்.

நான் திரும்பிப் பார்த்தேன். நான் ஓட்டும் காரில் உட்காரப் பயப்படுகிறவர், கொசுவுக்குப் பயந்து மூன்று ஊரை வேண்டாம் என்றவர்.

"இன்னிக்கு நாங்க படுத்துக்கறோம். நீங்க ரெண்டு பேரும் வீட்டுல தூங்குங்க."

"ஐயையோ, நீங்க வெளியூருங்க சார்," என்றார் நல்லமுத்து.

"காப்புக் கட்டும்போது நாங்களும்தான இருந்தோம்? தாளிக்காத சாம்பார் அத்தனை நாள் தின்னோமில்ல?" என்றார் இவர். தனக்கோடி உள்ளே போய் இன்னொரு பாயும் தலையணையும் கொண்டுவந்து கொடுத்தாள். கொடுக்கும்போது அவள் முகத்தை என்னிடமிருந்து திருப்பிக்கொண்டாள்.

பாத்திகளுக்கு நடுவில் ஓர் ஆள் அகலத்துக்கு அவர்கள் விட்டுவைத்திருந்த இடத்தில் இரண்டு பாயையும் நெருக்கி விரித்துப் படுத்தோம். மண் இன்னும் பகல் சூட்டோடு இருந்தது, வெங்காய வாசனை மூக்கில் ஏறியது. ஒருபக்கம் லாரிகள், மற்ற எல்லாப் பக்கமும் ஊர். அது எங்கள் மேல் சாய்ந்துகொண்டிருப்பதை என்னால் உணர முடிந்தது, கூட்டமான பஸ்ஸில் மேலே விழுந்துவிடாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஆளைப் போல. நல்லமுத்து வீட்டில் விளக்கு அணைந்தது. இவர் இருட்டில் என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். இவர் பயப்படுகிறார் என்று தெரிந்தது, எழுந்து போகமாட்டார் என்றும் தெரிந்தது. நான் யார் என்று அந்த நேரத்தில் யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

"வனஜா."

"ம்."

"இங்க பேப்பர் எத்தனை மணிக்கு வரும்?"

"விடிஞ்சா தெரிஞ்சுரும்," என்றேன். "தூங்குங்க."